மலை ஏறாத கப்பல்

மாலை ஆறரை மணிக்குக் கண்டி தலதா மாளிகையில் ஹேவிசி மேளம் முழங்கத் தொடங்கும். மாடியில், புத்தரின் புனிதத் தந்தம் வைத்த பேழை இருக்கும் உள்ளறையின் கதவு திறக்கும். தாமரையும் நீலோற்பலமும் நிறைந்த தட்டுகளோடு காத்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த வாசலைக் கடப்பார்கள். ஒரு நாளில் இப்படிக் கதவு திறப்பது மூன்றே முறை: அதிகாலை 5.30, காலை 9.30, மாலை 6.30.

சொகுசுக் கப்பலில் கொழும்புக்கு வந்து, ஒரே பகலில் கண்டியைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பும் பயணிக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடைக்காது. காலை ஏழு மணிக்குக் கப்பல் துறைமுகத்தில் கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கி, சோதனை முடிந்து, பஸ்ஸில் ஏறி அமரும்போது எட்டரை ஆகிவிடும். கண்டி 115 கிலோமீட்டர். கடுகண்ணாவைக் கணவாயில் லொறிகளின் பின்னால் ஊர்ந்து ஏறிப் போய்ச் சேர நண்பகல். மாலை ஏழு மணிக்குக் கப்பல் புறப்படுவதென்றால் கண்டியை விட்டு இரண்டு மணிக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும். ஏழு மணி நேரம் பஸ். இரண்டு மணி நேரம் கண்டி. அதிலும் சாப்பாட்டுக்கு ஒரு மணி போய்விடும். மேளம் முழங்கும் நேரத்தில் அவர் கப்பல் மேல்தளத்தில் நின்று கொழும்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடல் வழியாகப் போவதா, தரை வழியாகப் போவதா என்ற கேள்வியைப் பலரும் செலவை வைத்தும் வசதியை வைத்தும் முடிவு செய்கிறார்கள். எனக்கு அது முதலில் புவியியல் கேள்வியாகப் படுகிறது. போக விரும்பும் ஊர் எந்த வடிவ நிலத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். அதைக் கற்றுக்கொள்ளக் கண்டியைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் ஒரு சிறு கணக்கு, வியப்பான கணக்கு. சொகுசுக் கப்பல் நிதானமாக ஓடும்போது மணிக்குச் சுமார் 18 கடல் மைல் போகும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆக மணிக்கு 33 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து மூன்றரை மணி நேரத்தில் கண்டிக்கு ஏறும் பஸ்ஸின் சராசரி வேகம்? அதுவும் மணிக்கு 33 கிலோமீட்டர்தான். பல மாடி ஓட்டல் ஒன்றைச் சுமந்துகொண்டு தண்ணீரைக் கிழித்துப் போகும் கப்பலும், மலை ஏறும் பஸ்ஸும் ஒரே வேகத்தில் நகர்கின்றன.

வேகம் ஒன்றானாலும் நேரம் ஒன்றல்ல. கப்பல் நாம் தூங்கும் நேரத்தைத் தின்று நகர்கிறது. இரவு எட்டுக்குப் புறப்பட்டுக் காலை எட்டுக்குள் 400 கிலோமீட்டர் கடந்துவிடும். நம் பகலிலிருந்து ஒரு நிமிடம்கூடக் குறையாது. மலைச்சாலையோ விழித்திருக்கும் நேரத்தைத் தின்கிறது. ஆகவே கடலோரத்தில் தள்ளித் தள்ளி நான்கு ஊர்கள் இருந்து, நான்கிலும் பார்க்க வேண்டியவை துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தால் கப்பலுக்கு ஈடு இணை இல்லை. பார்க்க வேண்டியது நிலத்தின் நெஞ்சுக்குள் இருந்தால், இரவில் மிச்சம் பிடித்ததைப் பகலில் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

கப்பல் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்க முடிகிறது என்பதற்கும் கண்டிக்கு ஏன் வர முடியாது என்பதற்கும் காரணம் ஒன்றே. கடல் மட்டம் என்று சொல்கிறோமே, அந்த ‘மட்டம்’ என்ற சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கிறது. கப்பலின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. என்ஜின் செய்ய வேண்டியதெல்லாம் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவதுதான். அது எந்த மேட்டிலும் ஏறுவதில்லை. அவசரப்பட்டால் மட்டும் தண்டனை கடுமை: வேகத்தை இரு மடங்காக்கத் தேவையான என்ஜின் திறன் ஏறக்குறைய எட்டு மடங்கு. அவசரமில்லாமல், ஒரே மட்டத்தில், பெரும்பாரத்தைக் கொண்டுபோவதில் கப்பலை விஞ்ச எதுவுமில்லை. கண்டியோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஆறு இருக்கிறதே என்று கேட்கலாம். சீனத்தில் யாங்சி ஆற்றின் வழியே கடலிலிருந்து 2000 கிலோமீட்டருக்கும் உள்ளே, சோங்சிங் வரை கப்பல் போகிறது. எகிப்தில் லக்சரிலிருந்து அஸ்வான் வரை நைல் நதியில் நூற்றுக்கணக்கான சுற்றுலாக் கப்பல்கள் ஓடுகின்றன. நைல் இயற்கையே அமைத்துக் கொடுத்த இருவழிப் பாதை: நீரோட்டம் வடக்கே இழுக்கும், காற்று பெரும்பாலும் தெற்கே தள்ளும். போகப் பாய், திரும்ப நீரோட்டம். கோயில்களும் ஊர்களும் வயல்களும் கரையை ஒட்டியே இருக்கின்றன. கரையைத் தாண்டினால் பாலைவனம். அங்கே கப்பலில் போகாமல் வேறெதில் போவது?

கண்டியையும் ஓர் ஆறு மூன்று பக்கமாக வளைத்துப் பிடித்திருக்கிறது. மகாவலி கங்கை, 335 கிலோமீட்டர் நீளம், இலங்கையின் மிக நீண்ட ஆறு. பேராதனைத் தாவரவியல் பூங்காவே அதன் லாட வளைவு ஒன்றுக்குள்தான் இருக்கிறது. பூங்காவின் ஓரத்தில் நின்று பார்த்தால், அகன்று, பழுப்பேறி, சாவகாசமாக நகரும் அந்தத் தண்ணீர் படகுக்கு ஏற்றதாகவே தோன்றும். நகருக்குக் கிழக்கே போனால்தான் அதன் இன்னொரு முகம் தெரியும்.

இலங்கையின் மலைநாடு படிக்கட்டுப் போன்றது. 1929இல் ஃபிராங்க் ஆடம்ஸ் என்ற புவியியலாளர் இதை மூன்று சமவெளிகளாக விவரித்தார்: கடலோரத் தாழ்நிலம், அதிலிருந்து செங்குத்தாக எழும் இரண்டாம் படி, நுவரெலியா பக்கம் மேலும் உயரும் மூன்றாம் படி. படிகள் எப்படி உண்டாயின, நிலம் உயர்ந்தா, அரிப்பாலா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமித்துவிடவில்லை. பாறை மட்டும் சந்தேகமின்றிக் கிழட்டுப் பாறை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் வெந்து இறுகியது. அதில் ஒரு வகையான சார்னோக்கைட், நம் சென்னை பரங்கிமலைப் பாறையை வைத்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர் சூட்டப்பட்டது. மலைநாட்டில் ரயில் வெட்டியதும் பரங்கிமலையில் ஜல்லிக்கு உடைத்ததும் ஒரே இனக் கல்.

கண்டி இந்த இரண்டாம் படியின் மேல் இருக்கிறது. மகாவலி அந்தப் படியின் விளிம்பிலிருந்து இறங்கியாக வேண்டும். எப்படி இறங்குகிறது என்பதை அணைகளின் நீர்மட்டங்களை வைத்தே படித்துவிடலாம். கண்டிக்குக் கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பும்போது கடல் மட்டத்துக்கு மேல் 438 மீட்டர். அடுத்துள்ள ரந்தெனிகலை 232. அதற்கடுத்த ரந்தம்பை 152. ஒவ்வோர் அணையும் ஒரு படி. விக்டோரியா அணை மட்டும் 122 மீட்டர் உயரம். அணைகள் வருமுன் இந்த இடங்களிலெல்லாம் பாறைகளுக்கிடையே வெள்ளம் நுரைத்துக்கொண்டு விழுந்தது. பனாமாக் கால்வாயில் கப்பல்களை நீர்த்தொட்டிகளில் ஏற்றி உயர்த்துகிறார்களே, மனிதப் பொறியியலின் அந்தப் பேரதிசயம் கப்பலைத் தூக்குவது 26 மீட்டர்தான். கண்டிக்குக் கீழுள்ள விக்டோரியாவின் நீர்மட்டத்துக்குக் கப்பல் வரவே பதினேழு பனாமாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்.

மேற்கே களனி கங்கையில் அவிசாவளைப் பக்கம் வரை படகுகள் ஏறின. அங்கே சமவெளி முடிகிறது, படகும் நின்றுவிடுகிறது.

கண்டி தலைநகரானதற்கும் இந்தப் படிதான் காரணம். போர்த்துக்கேயர், பின் ஒல்லாந்தர், பின் ஆங்கிலேயர் என்று கப்பலில் வந்தவர்கள் கரையோரத்தைப் பிடித்தார்கள். கப்பலும் பீரங்கியும் கடலோரம் வரைக்கும்தான் எசமான்கள். 1594இல் தந்துரையில் போர்த்துக்கேயப் படை அழிந்தது. 1638இல் பேராதனைக்கு எதிர்க்கரையான கன்னொருவையில் இன்னொரு படை அழிந்தது. ஒல்லாந்தர் 1765இல் நகருக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள், தங்கத்தான் முடியவில்லை. 1803இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயப் படை நோயில் நலிந்து, சரணடைந்து, திருகோணமலைக்குத் திரும்பிப் போகப் புறப்பட்டது. நகரின் எல்லையிலேயே, வட்டப்புளுவையில், மழையில் பெருகி ஓடிய மகாவலியைக் கடக்க முடியாமல் கரையில் நின்றது. அங்கேயே அவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் போய்ச் சேர வேண்டிய திருகோணமலைக்குத்தான் அந்த ஆறும் போய்க்கொண்டிருந்தது! வழிகாட்டும் ஆறு வழியாக மாறவில்லை, அகழியாகவே இருந்தது.

இதைத் தன் வாழ்க்கையாலேயே அளந்து காட்டியவர் ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி. புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற கப்பலைச் செப்பனிடத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் ஒதுங்கினார்கள் அவரும் கப்பல் தலைவரான அவர் தந்தையும். மகாவலி கடலில் கலக்கும் குடா அது. 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் அவர்களைப் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தந்தை மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் ஊர் ஊராக இருந்தார். தொப்பி பின்னினார், நெல்லைக் கடனுக்குக் கொடுத்து வாங்கினார், சிறு பொருள்களைச் சுமந்து விற்றார். சிறைச்சுவர் எதுவும் இல்லை; மலையும் காடும் காவல் தடைகளுமே சுவர். 1679இல் தப்பியபோது அநுராதபுரம் வரை போய், மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டே காட்டில் நடந்து, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். படகுக்கு உதவாத ஆறு, திசை தெரியாதவனுக்கு உதவியது. 1681இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் 17ஆம் நூற்றாண்டுக் கண்டியை அறிய முதல் வாசல். கடலில் வந்து, கப்பலை இழந்து, காலால் நடந்தவர் எழுதியதால்தான் அதில் இவ்வளவு ஊரும் சோறும் வயலும் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. இனி அதைக் கையில் வைத்திருக்க வழி வேண்டும் என்பதை அவர்கள் உடனே உணர்ந்தார்கள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கேப்டன் டோசன் கொழும்பு–கண்டிச் சாலையைப் போட்டார். கடுகண்ணாவையில் பாறையையே குடைந்து வழி விட்டார்கள். பின் கோப்பி வந்தது. மாட்டு வண்டிகளில் மலையிறங்கிய கோப்பி மூட்டைகள் கொழும்பு சேர நாள்கணக்கானது. அந்த மூட்டைகளுக்காகவே ரயில் போட்டு, 1867இல் அதைக் கண்டிக்குக் கொண்டுவந்தார்கள்.

ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை ரயில் ஏறும் அந்த ஏற்றம் பள்ளிக் கணக்குப் போலத் தெளிவானது. உயர வேண்டியது ஏறத்தாழ 420 மீட்டர். எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் வழுக்காமல் பிடித்து ஏறப் பொறியாளர்கள் வைத்த சாய்வு, 45 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். பெருக்கினால் சுமார் 19 கிலோமீட்டர். அவ்வளவு நீளப் பாதையை மலைச் சரிவில் எங்கே ஒட்டுவது? அலகல்லை மலையின் பக்கவாட்டில், பாறையைச் செதுக்கிச் செதுக்கி ஒட்டினார்கள். கொழும்பிலிருந்து ஏறும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். ஒரு திருப்பத்தில் தரை திடீரென்று கீழே போய்விடும்; சமவெளியும் வயல்களும் தொலைவில் பத்தலேகல குன்றும் கால்களுக்கடியில் விரியும். இரண்டாம் படியில் ஏறிக்கொண்டிருக்கிறோம் என்பது உடம்புக்கே புரியும் இடம் அது. கண்டியின் பாதிக் கதை இந்த ஏற்றத்தில் இருக்கிறது. கப்பல் பயணிகளில் பெரும்பாலோரின் பஸ், நேரம் மிச்சம் பிடிக்க இதைத் தவிர்த்துவிடுகிறது.

ஆனால் கப்பலில் வந்தவர்களே கண்டியை நன்றாகப் பார்த்த ஒரு காலமும் இருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1885இல் கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் முடிந்தது. ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றக் கொழும்பில் நின்றன. கரி ஏற்றும் வேலை சட்டென்று முடிவதில்லை. பயணிகள் ரயிலேறிக் கண்டி போய், இரவு தங்கி, மறுநாள் இறங்கினார்கள். 1890 நவம்பரில் சகலின் தீவிலிருந்து ‘பீட்டர்ஸ்பர்க்’ கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அந்தோன் செகாவ் அப்படித்தான் கண்டிக்கு ரயிலில் போனார். கைதிகளின் தீவைக் கண்டு மனம் கனத்து வந்தவருக்கு இலங்கை சொர்க்கமாகத் தெரிந்தது. கடலில் இறந்துபோகும் சிப்பாயைப் பற்றிய ‘கூசெவ்’ கதையை அவர் தொடங்கியதும் கொழும்பில்தான். இன்றைய கப்பலுக்கு நிலக்கரி வேண்டாம்; துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் கட்டணம் உண்டு; பெரும்பாலும் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடும். நான் ஒருவருக்கு யோசனை சொல்வதென்றால் முதலில் கேட்பது இதைத்தான்: கப்பல் கொழும்பில் இரவு தங்குகிறதா? தங்கினால் கண்டிக்குப் போங்கள், ரயிலில். தங்காவிட்டால் கொழும்பையே பாருங்கள். கண்டியை இன்னொரு முறைக்கு வையுங்கள். இரண்டு மணி நேரக் கண்டியைப் பார்த்துவிட்டுக் கண்டி பார்த்தாயிற்று என்று மனம் முடிவுகட்டிவிடும். பிறகு திரும்பிப் போகத் தோன்றாது. அதுதான் எனக்கு வருத்தம்.

இதே தீவில் கப்பலுக்கென்றே அமைந்த ஊர்களும் உண்டு. 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றையும் தொட்டுவரும் பயணத்தைத் தொடங்கியது. அந்தப் பாதை தீவின் கிழக்கே போவதற்குக் காரணம் நம் சேதுதான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஆழம் பல இடங்களில் சில மீட்டர்தான். பெரிய கப்பலின் அடிப்பாகம் அதைவிட ஆழத்தில் மூழ்கியிருக்கும். திருகோணமலையிலோ கதை தலைகீழ். மகாவலி வந்து விழும் அந்தக் குடாவின் அருகே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. திமிங்கலங்கள் அங்கே கரைக்கு இவ்வளவு அருகில் வருவதற்கு அந்த ஆழமும் ஒரு காரணம். கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது சுவாமி மலைப் பாறையின் உச்சியில் கோணேசர் கோயில் தெரியும். அந்தக் கோயிலைக் கடலிலிருந்து பார்ப்பதுதான் முறை என்பேன். சம்பந்தர் பதிகம் பாடிய தலம், கடலைப் பார்த்தபடி நிற்கிறது. காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலையும் நகுலேசுவரமும் பக்கத்திலேயே. யாழ்ப்பாணம் இருபது கிலோமீட்டருக்குள், மேடு பள்ளமில்லாத சுண்ணாம்புத் தரை. ஒரு பகல் தாராளமாகப் போதும். இந்த இரண்டுக்கும் கப்பல். கண்டிக்கு இந்தத் துறைமுகங்களில் எதிலிருந்தும் ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். திருகோணமலையிலிருந்தே 180 கிலோமீட்டர், அம்பாந்தோட்டையிலிருந்து 200க்கும் மேல்.

பருவக் காற்றும் கண்டியின் பக்கம் சேர்ந்துகொண்டு கப்பலுக்கு எதிராக நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மேற்குக் கரையில் பேரலை எழுப்பும். கொழும்புக்கு உல்லாசக் கப்பல்கள் அதிகம் வருவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கண்டியின் எசல பெரஹரா நடப்பதோ ஜூலை, ஆகஸ்டில். தீப்பந்தங்களும், அலங்கரித்த யானைகளும், கண்டி நடனமும் இரவில்தான் வீதியில் இறங்கும். கப்பல் அட்டவணை மாதத்தையும் தவறவிடுகிறது, பொழுதையும் தவறவிடுகிறது.

தமிழர்களுக்குக் கண்டி வழி என்பது உல்லாசக் கேள்வியாகத் தொடங்கவில்லை. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இலங்கைத் தோட்டங்கள் முழுவதற்கும் கண்டிச்சீமை என்றே பெயர். கோப்பிக் காலத்தில் அங்கே போனவர்களுக்குக் கடல் சிறு பகுதி. தோணியில் மன்னார்க் கரை சேர்ந்துவிடலாம். அதன் பிறகு தம்புள்ளை வழியே மாத்தளை வரை காட்டில் கால்நடை. காலராவும் காய்ச்சலும் பட்டினியும் அந்தப் பாதை நெடுகிலும் ஆட்களை விழுங்கின. புதைக்கக்கூட நில்லாமல் நடந்த வழி அது. 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து, அவர்களின் வழிவந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு 16 நாள் நடந்தார்கள். ரயிலும் பஸ்ஸும் ஓடும் காலத்தில் அவர்கள் நடந்தே போனதற்கு ஒரு நியாயம் உண்டு. அந்தத் தூரத்தைக் கால் மட்டுமே சரியாக அளக்கும்.

மலை நகரமான கண்டியின் நடுவே ஒரு கடல் இருக்கிறது. தலதா மாளிகைக்கு முன்னால் விரியும் கண்டி வாவியை 1807இல் வயலைத் தேக்கி வெட்டுவித்தவர் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழி வந்தவர், பிறந்தபோது கண்ணுசாமி. அந்த வாவிக்குப் பழைய பெயர் கிரி முஹுத, பாற்கடல். எட்டு ஆண்டுகளில் அவரைப் பிடித்து மலையிலிருந்து கொழும்புக்கு இறக்கினார்கள். 1816இல் ‘கார்ன்வாலிஸ்’ என்ற போர்க்கப்பலில், கைதியாக, குடும்பத்தோடு சென்னைக்குக் கொண்டுவந்து, வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தார். கொழும்பிலிருந்து கண்டிக்குத் தபால் வண்டி ஓடத் தொடங்கியதும், சாலை போட்ட டோசனுக்குக் கடுகண்ணாவையில் நினைவுக் கோபுரம் எழுந்ததும் அதே 1832இல்தான்.

அரசரின் சமாதி வேலூரில், பாலாற்றங்கரையில், முத்துமண்டபத்தில் இருக்கிறது. சென்னையில் கப்பலேறுகிறவர்கள் ஒரு வாரம் முன்னதாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சுமார் 140 கிலோமீட்டர், சமவெளிச் சாலை.